தடுப்பை வைத்தோமா?

இரவு இரண்டு மணி தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரச் சிற்றூரில் ஒரு வீடு. நண்பர்களைக் கூட்டிவைத்துக் கும்மாளமடித்துக்கொண்டிருந்த லீ சாண்ட்லரை மனைவி ராண்டி வந்து சத்தம் போட்டு, கூட்டத்தைக் கலைத்துவிடுகிறாள். மூன்று குழந்தைகள் தூங்குகிறார்கள். வீடு குளிர்ந்து கிடக்கிறது. ஹீட்டரைப் போட்டால் ராண்டிக்கு மூக்கு வறண்டு சைனஸ் தொல்லை வரும். ஆகவே கணப்பில் பெரிய கட்டைகளைப் போட்டு எரியவிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பீர் வாங்கிவர லீ கடைக்கு நடக்கிறான். பாதி வழியில் ஒரு சந்தேகம் வருகிறது. கணப்புக்கு முன்னால் அந்தக் கம்பித் தடுப்பை வைத்தோமா? ஒன்றும் ஆகாது என்று மேலே நடக்கிறான். திரும்பி வரும்போது வீடு எரிந்துகொண்டிருக்கிறது. ராண்டியை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

கென்னத் லோனர்கன் எழுதி இயக்கி 2016இல் வெளியான 'மான்செஸ்டர் பை த சீ' படத்தின் நடுவில் வரும் காட்சி இது. (படம் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். கதையை மறைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுத வழியில்லை.) படம் தொடங்கும்போது இந்த விபத்து நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. லீ பாஸ்டனை அடுத்த க்வின்சியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கழிவறை அடைப்பு எடுப்பது, குழாய் மாற்றுவது, வாசலில் பனி தள்ளுவது அவன் வேலை. யாராவது சிரித்துப் பேசினால் பதிலுக்குச் சிரிப்பதில்லை. மதுக்கடையில் யாரோ தன்னைப் பார்த்தார்கள் என்பதற்காக அடிக்கப் போகிறான். கேசி அஃப்லெக்குக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரும் லோனர்கனுக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கரும் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தன.

உளவியல் ஆலோசனை படிக்கிறவர்களுக்குத் திரைப்படப் பாத்திரத்தைக் கொடுத்து 'இவர் உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்' என்று எழுதச் சொல்வது உலகெங்கும் உள்ள பழக்கம். அதில் ஒரு வசதி உண்டு. உயிரோடிருக்கும் மனிதரைத் தொலைவிலிருந்து பார்த்து நோய்ப்பெயர் சூட்டுவது ஆபத்து. 1964இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டு, அதிபர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரின் மனநிலையைப் பற்றி எழுதியது. அவர் வழக்குப் போட்டு வென்றார். நேரில் பரிசோதிக்காத பொதுமனிதரைப் பற்றி மருத்துவர்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் விதியே எழுதிவைத்தது. லீ சாண்ட்லர் வழக்குப் போட மாட்டான். அவனுடைய ரகசியத்தை வெளியில் சொல்லிவிட்டோமே என்றும் நாம் வருந்த வேண்டியதில்லை.

முதலில், இது மனச்சோர்வுதானா? மனச்சோர்வு என்றால் ஓயாமல் அழுகை என்றுதான் பலர் நினைக்கிறோம். லீ பெரும்பாலும் அழுவதில்லை. மருத்துவர்கள் தேடும் அறிகுறிகளில் தாழ்ந்த மனநிலைக்குச் சமமாக இன்னொன்று இருக்கிறது. அது எதிலும் நாட்டம் அற்றுப்போவது. 'எதுவும் பிடிக்கலை' என்று நம் வீடுகளில் சொல்லும் அதே சங்கதி. அதோடு தன்னைப் பயனற்றவன் என்று நினைப்பது, அளவுமீறிய குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் எல்லாம் பட்டியலில் உண்டு. லீயிடம் பலவும் பொருந்துகின்றன. ஆனால் 'அளவுமீறிய' என்ற சொல்லில்தான் கேள்வி வந்து சிக்குகிறது. மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தவனின் குற்றவுணர்வுக்கு அளவு எது?

இன்று மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மருத்துவர் ஃப்ராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர். வெளியில் காட்ட முடியாத கோபம் தன்மீதே திரும்புவதால் மனச்சோர்வு வருகிறது என்பது ஃப்ராய்டியர்களின் நம்பிக்கை. அதை ஆய்வு செய்து நிரூபிக்கலாம் என்று நோயாளிகளின் கனவுகளைச் சேகரித்தார் பெக். கனவுகளில் கோபத்தைக் காணோம். தோற்பது, தொலைப்பது, ஏமாறுவது இவைதான் மீண்டும் மீண்டும் வந்தன. விழித்திருக்கும்போது அவர்கள் நினைப்பதும் அதையேதான் என்பது பிறகு அவருக்குப் புலப்பட்டது. நான் உதவாதவன், உலகம் என்னை நசுக்குகிறது, இனிமேலும் நல்லது நடக்காது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு முக்கோணமாக்கினார். தானாக மனதில் ஓடும் இத்தகைய எண்ணங்களைப் பிடித்து நிறுத்தி, சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதுதான் அவருடைய முறை. 'என்னை யாருக்குமே பிடிக்காது' என்கிறவரிடம், 'சரி, போன வாரம் உங்களுக்கு யார் போன் செய்தார்கள்' என்று தொடங்குவது.

லீயிடம் இப்படித் தொடங்கினால் என்ன ஆகும்? 'என் பிள்ளைகளை நான்தான் சாகவிட்டேன்' என்பது அவன் எண்ணம். சாட்சியம் எங்கே என்று கேட்டால் அவனிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது. குடித்திருந்தான், போதைப்பொருளும் எடுத்திருந்தான். கட்டையைப் போட்டது அவன், தடுப்பை வைக்காததும் அவன். சந்தேகம் வந்த பிறகும் திரும்பாதவனும் அவன்தான். இங்கே எண்ணத்தில் பிழை தேடும் ஆலோசகர் பத்தே நிமிடத்தில் தோற்றுப்போவார். 'விடுப்பா, உன் தப்பு இல்லை' என்று சொல்லும் சொந்தக்காரர்கள் தோற்பதும் இதே இடத்தில்தான். உண்மையைப் பொய் என்று சொல்லி ஆறுதல் தர முடியாது.

ஆனால் நல்ல சி.பி.டி. இதைவிட நுட்பமானது. நடந்த செய்தியையும் அதன்மீது எழுதிய தீர்ப்பையும் அது பிரித்துப் பார்க்கும். தடுப்பு வைக்கவில்லை என்பது செய்தி. 'ஆகவே நான் கொலைகாரன், எனக்கு வாழத் தகுதியில்லை' என்பது தீர்ப்பு. அதற்கு ஒரு பயிற்சி உண்டு. வட்டம் ஒன்றை வரைந்து, நடந்ததற்குக் காரணமான ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கொடுக்கச் சொல்வார்கள். தன் பங்கைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். குளிருக்கு ஒரு துண்டு, ஹீட்டர் ஒத்துக்கொள்ளாததற்கு ஒன்று, கட்டை உருண்ட தற்செயலுக்கு ஒன்று, மதுவுக்கு ஒன்று. முடிவில் லீக்கு மிஞ்சும் துண்டு சிறியதாக இருக்காது. ஆனால் முழு வட்டமாகவும் இருக்காது.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். அதற்கு முன் எத்தனை இரவுகள் தடுப்பை வைக்க மறந்திருப்பாய்? அப்போதெல்லாம் என்ன ஆயிற்று? பரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. 1814இல் நேபாளத்தில் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றி எல்லோருக்கும் ஒரே விவரத்தைப் படிக்கக் கொடுத்தார். முடிவை மட்டும் ஆளுக்கொன்றாகச் சொன்னார். எந்த முடிவைச் சொன்னாரோ அதுதான் நடந்திருக்கும் என்று முன்பே தெரிந்திருக்குமே என்கிற ரீதியில் பதில்கள் வந்தன. முடிவு தெரிந்துவிட்டால், அது தெரியாமலிருந்த நம் பழைய மனநிலைக்குத் திரும்பிப் போக மனதுக்கு வழி அடைபட்டுவிடுகிறது. நடுவழியில் நின்ற லீக்கு அது சாதாரண சந்தேகம். இன்று நினைத்துப் பார்க்கும் லீக்கு அது அபாயச் சங்கு.

இது அவனுக்குப் போதுமா? எனக்குச் சந்தேகம்தான். காரணம் அடுத்த காட்சியில் இருக்கிறது. காவல் நிலையத்தில் அதிகாரிகள் அவன் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, மோசமான தவறுதான், ஆனால் குற்றம் அல்ல, நீ போகலாம் என்கிறார்கள். லீக்கு அது விளங்கவில்லை. அவ்வளவுதானா என்கிறான். தண்டனையை எதிர்பார்த்து வந்தவனை வெறுங்கையோடு அனுப்புகிறார்கள். அறையைவிட்டு வெளியே வந்ததும் ஒரு காவலரின் துப்பாக்கியைப் பிடுங்கி உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கிறான்; தடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவன் வாழும் வாழ்க்கை முழுவதையும் தானே தனக்கு விதித்துக்கொண்ட சிறைவாசமாகப் படித்தால் எல்லாம் பொருந்துகிறது. ஒற்றை அறை ஒரு கொட்டடி. மதுக்கடைச் சண்டையும் அடிப்பதற்காக அல்ல, அடி வாங்குவதற்காக.

போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களிடம் இதைப் பார்த்த உளவியலாளர்கள் இதற்கு 'அறக்காயம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 1990களில் ஜொனதன் ஷே வியட்நாம் போர் வீரர்களைப் பற்றி எழுதும்போது இதைப் பேசத் தொடங்கினார். 2009இல் பிரெட் லிட்ஸும் அவருடைய சகாக்களும் அதை ஒரு சிகிச்சைக்கான சட்டகமாக்கினார்கள். பயம் விளைவிக்கும் காயம் வேறு, நான் செய்யக் கூடாததைச் செய்தேன் அல்லது தடுக்க வேண்டியதைத் தடுக்கவில்லை என்ற நினைப்பு விளைவிக்கும் காயம் வேறு என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய முறையில் நோயாளி கண்ணை மூடி, தான் மதிக்கும் கருணையுள்ள ஒருவரிடம் மனதுக்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் என்ன சொல்வார் என்பதையும் தானே சொல்ல வேண்டும். குற்றத்தை இல்லையென்று சொல்வதில்லை, பரிகாரத்துக்கு வழி தேடுகிறார்கள். லீயின் விஷயத்தில் அந்த 'ஒருவர்' யார் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவனுடைய அண்ணன் ஜோ.

ஜோ இதய நோயாளி. இறந்துவிட்டான் என்ற செய்தியோடுதான் கதை நகரத் தொடங்குகிறது. பின்னோக்கிப் போகும் காட்சி ஒன்றில் அவன் க்வின்சி அறைக்கு வருகிறான். அறையில் மேசை நாற்காலி என்று சொல்ல ஒன்றுமில்லை. இது அறையே இல்லை என்கிறான் ஜோ. வேண்டாம் என்று தம்பி வைகிறான், அண்ணனும் பதிலுக்கு வைகிறான். கடைசியில் இருவரும் போய்ச் சாமான்கள் வாங்கி வருகிறார்கள். ஒரு அறிவுரை கிடையாது, ஒரு தத்துவம் கிடையாது. கார்ல் ரோஜர்ஸ் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மனிதர் மாறுவதற்கு ஆலோசகரின் உத்திகளைவிட ஆலோசகர் தரும் உறவே அடிப்படை என்றவர் அவர். பாசாங்கில்லாமல் இருப்பது, நிபந்தனை இல்லாமல் ஏற்பது, எதிரில் இருப்பவரின் இடத்தில் நின்று உணர்வது. இந்த மூன்றையும் ஆலோசனை படிக்கும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் நிபந்தனைகள் மூன்று அல்ல, ஆறு. பலரும் மறந்துவிடும் ஆறாவதுதான் இங்கே முக்கியம். ஆலோசகரின் அன்பும் புரிதலும் கொஞ்சமாவது எதிரில் இருப்பவரைப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். படத்தின் மிகக் கடினமான காட்சி அதற்குச் சாட்சி. வேறொருவரை மணந்து கைக்குழந்தையோடு வரும் ராண்டி தெருவில் லீயைப் பார்க்கிறாள். அன்று உன்னை என்னென்னவோ சொன்னேன், அதற்காக நரகத்தில் வேகத்தான் வேண்டும், உன்மேல் எனக்கு அன்பு இருக்கிறது, ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாமா என்று உடைந்து அழுகிறாள். உலகத்தில் அவனை மன்னிக்க உரிமையுள்ள ஒரே ஜீவன் மன்னித்துவிட்டது. அவனோ, உனக்குப் புரியவில்லை, உள்ளே ஒன்றுமே இல்லை என்று திணறி நழுவிப்போகிறான். கொடுத்தவளிடம் குறையில்லை. வாங்கும் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது.

இதைக் கேட்டால் துயரத்தைப் படிப்பவர்கள் வேறு கோணத்தில் தலையிடுவார்கள். இது மனச்சோர்வு மட்டுமல்ல, உறைந்துபோன துக்கம் என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும், 2022இல் திருத்தி வெளியான அமெரிக்க மனநலக் கையேடும் 'நீடித்த துக்கக் கோளாறு' என்ற பெயரைத் தனியாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பெயரை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். சிகிச்சை வேறாகிவிடுகிறது. கேத்தரின் ஷியர் என்ற மருத்துவரின் குழு துக்கத்துக்கென்றே உருவாக்கிய சிகிச்சையை, மனச்சோர்வுக்கான வழக்கமான பேச்சுச் சிகிச்சை ஒன்றோடு ஒப்பிட்டு 2005இல் முடிவுகளை வெளியிட்டது. துக்கச் சிகிச்சையில் 51 விழுக்காட்டினர் தேறினார்கள், மற்றதில் 28. பின்னர் 2016இல் வந்த ஆய்வில், துக்கச் சிகிச்சையோடு மாத்திரையும் சேர்த்தபோது மனச்சோர்வின் அறிகுறிகள் மேலும் குறைந்தன. துக்கத்தை அது கூடுதலாக அசைக்கவில்லை.

இறந்துபோன ஜோவின் மகன் பேட்ரிக்குக்கு 16 வயது. அவனையும் லீயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மார்கரெட் ஸ்ட்ரோபியும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த இரட்டைப் போக்குக் கருத்து கண்முன்னே நடக்கிறது. துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறிமாறி ஊசலாடுவதுதான் நலம் என்பது அந்தக் கருத்து. அப்பா இறந்த அன்றிரவே நண்பர்களைக் கூப்பிட்டுப் பீட்சா சாப்பிடுகிறான் பேட்ரிக். ஹாக்கி, இசைக்குழு, ஒரே நேரத்தில் இரண்டு காதலிகள். நம்மூர்ப் பெரியவர்கள் பார்த்தால் 'அப்பன் செத்த துக்கம் கொஞ்சமாவது இருக்கா பாரு' என்பார்கள். தரை உறைந்து கிடப்பதால் வசந்தம் வரும்வரை அடக்கம் செய்ய முடியாது, உடல் குளிர்பதனத்தில் இருக்கிறது. ஓர் இரவு சமையலறை ஃப்ரீசரைத் திறந்ததும் உறைந்த கோழிகள் கீழே சரிகின்றன. பையன் மூச்சு முட்டிக் கதறுகிறான். மறுபடி சில நாளில் ஹாக்கிக்குப் போகிறான். ஊசல் ஆடுகிறது. லீயின் ஊசல் ஒரே இடத்தில் துருப்பிடித்து நின்றுவிட்டது. இழப்பைப் பார்க்கவும் மாட்டான், வாழ்க்கைப் பக்கமும் போக மாட்டான்.

அவன் துக்கம் வெளியே வருவது ஒரு கனவில். அடுப்பில் சாஸை வைத்துவிட்டு சோபாவில் கண்ணயர்கிறான். மகள்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா, நாங்கள் எரிவது உனக்குத் தெரியவில்லையா என்று கேட்கிறார்கள். விழித்தால் வீடெங்கும் புகை. ஃப்ராய்டைப் படித்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். அவருடைய கனவு நூலின் ஏழாவது அத்தியாயம் ஏறக்குறைய இதே கனவோடுதான் தொடங்குகிறது. பிள்ளையின் சடலம் அடுத்த அறையில் கிடக்க, அப்பா தூங்குகிறார். நான் எரிவது தெரியவில்லையா என்று பிள்ளை வந்து கையைப் பிடிக்கிறது. எழுந்து ஓடினால், காவலிருந்த கிழவர் உறங்கிவிட, மெழுகுவத்தி சாய்ந்து சடலத்தின் கை கருகியிருக்கிறது. பிள்ளையை இன்னும் ஒரு கணம் உயிரோடு பார்க்கும் ஆசைதான் அந்தக் கனவு என்பார் ஃப்ராய்ட். லீயின் கனவை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். இந்த முறை பிள்ளைகள் அவனை நேரத்துக்கு எழுப்பிவிட்டார்கள்.

ஆசிரியர்கள், ஆய்வுகள் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் படத்தில் லீயைக் கொஞ்சமாவது நகர்த்தியது எது என்று பார்த்தால் கிடைக்கும் பதில் மிகச் சாதாரணமானது. வண்டி ஓட்டியது. அண்ணன் தன் உயிலில் அவனையே பையனுக்குப் பாதுகாவலனாக எழுதிவைத்துவிட்டான். விருப்பமில்லாமலேயே பேட்ரிக்கை ஹாக்கிக்கும் பள்ளிக்கும் காதலிகளின் வீட்டுக்கும் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. நடத்தைத் தூண்டல் என்ற சிகிச்சையின் சாரம் இதுதான். மனம் சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காதே, செய், மனம் பின்னால் வரும். சி.பி.டி.யைப் பிரித்துப் போட்டு எந்தப் பாகம் வேலை செய்கிறது என்று பார்த்த நீல் ஜேக்கப்சனின் குழு 1996இல் கண்டது, எண்ணங்களைத் தொடாமல் செயல்களை மட்டும் கவனித்த பாகமே முழுச் சிகிச்சைக்கு ஈடாக நின்றது என்பதை. மருத்துவர் அல்லாத ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேலின் குழு இதையே செய்து பார்த்தது. 2017இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவுகள் நல்லபடியாகவே இருந்தன.

படகு மோட்டார் ஒன்றும் இருக்கிறது. ஜோவின் பழைய படகுக்குப் புது மோட்டார் வாங்கப் பணமில்லை. வீட்டில் ஜோ வைத்திருந்த துப்பாக்கிகள் லீயின் கண்ணில் படுகின்றன. பார்க்கிற நமக்கு வயிறு கலங்குகிறது. அவற்றை விற்று மோட்டார் வாங்கலாம் என்கிறான். தற்கொலைத் தடுப்பில் வேலை செய்கிறவர்கள் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்வார்கள்: ஆபத்தான பொருளைக் கைக்கு எட்டாமல் செய்வதே பல உயிர்களைக் காக்கும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் அடுத்த இருபதாண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. படம் இதையெல்லாம் பேசுவதில்லை. துப்பாக்கி போய் மோட்டார் வருகிறது. பையன் படகை ஓட்டுகிறான், லீயின் முகத்தில் ஒரு புன்னகை மாதிரி ஏதோ வந்து போகிறது.

அவன் குணமாகிவிடவில்லை. என்னால் இதை ஜெயிக்க முடியவில்லை என்று பேட்ரிக்கிடமே சொல்லிவிடுகிறான். பையனைக் குடும்ப நண்பர் ஜார்ஜின் வீட்டில் தத்துக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, பாஸ்டன் பக்கம் வேலைக்குத் திரும்புகிறான். இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. ஹாலிவுட் கடைசியில் எப்படியும் கட்டிப்பிடித்து அழவைத்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களின் ஏமாற்றம் அது. ஆலோசகரின் நோட்டுப் புத்தகத்தில் வேறு மாதிரிதான் பதிவாகும். மூன்று புகைப்படச் சட்டங்களைத் துணியில் சுற்றி, க்வின்சியிலிருந்து அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தான். அவற்றில் இருக்கும் முகங்களைப் படம் நமக்குக் காட்டுவதே இல்லை. பேட்ரிக் மட்டும் ஒருநாள் பார்க்கிறான். அதற்குப் பிறகு சித்தப்பாவிடம் அவன் பேசும் தொனி மாறுகிறது.

கடைசியில் இருவரும் மேட்டுப் பாதையில் நடந்துபோகிறார்கள். கிடைத்த ஒரு பந்தை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு போகிறார்கள். பாஸ்டனில் கூடுதலாக ஓர் அறை உள்ள வீடாகத் தேடுகிறேன் என்கிறான் லீ. அது எதற்கு என்கிறான் பையன். நீ எப்போதாவது வந்து தங்கலாம், கல்லூரி பார்க்க வரலாம். நான் கல்லூரிக்கெல்லாம் போகப் போவதில்லை. சரி, அப்படியானால் என் சாமான்களைப் போட்டுவைக்க ஓர் அறையாயிற்று என்கிறான், அண்ணன் நாற்காலி வாங்கித் தந்தபோது வேண்டாம் என்று வைதவன்.